உப்பு அடைத்துக்கொள்ளும்

ஆறுச்சாமி வேலந்தாவளத்திலிருந்து பைப்புகளைத் தோளில் வைத்துத் தனியாளாகக் கொண்டுவந்தார். ஐந்து பைப்புகள். ஒவ்வொன்றும் இருபதடி. நடக்கும்போது முன்முனையும் பின்முனையும் மேலும் கீழும் ஆடின. அன்று சந்தை. எதிரே மாடு ஓட்டி வந்தவர்கள் சாலையை விட்டு இறங்கி வழிவிட்டார்கள்.

“ஏனுங்க மாமா, இதென்ன மூங்கலா?”

“பிளாஸ்டிக்குப் பைப்பு.”

“காத்தடிச்சா உங்களையுஞ் சேத்துத் தூக்கீட்டுப் போயிருமாட்ட இருக்குது.”

“தூக்குனா நல்லது. வெரசா ஊடு போயிச் சேந்துருவேன்.”

இரும்பாக இருந்தால் வண்டி கட்டியிருக்க வேண்டும். ஏற்றி இறக்க மூன்று ஆள் வேண்டும். அவர் இரும்பு வாங்கத்தான் போனார். சந்தை முக்கில் கடை வைத்திருந்த தாவூத்தான் மனதை மாற்றினார்.

“உங்க ஊரு எருத்தேன்பதித் தண்ணிக்கு இரும்பு எத்தன வருசம் வந்துச்சு? நீங்களே சொல்லுங்கண்ணா.”

“நாலு. மிஞ்சிப்போனா அஞ்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் சல்லடைதான்.”

“இது உங்க காலத்துக்கும் துருப்பிடிக்காது. கோயமுத்தூர்ல பெரிய பெரிய ஊடெல்லாம் இதுதான் போடறாங்க.”

“ஒடையாதா பாய்?”

“யானை மிதிச்சா ஒடையும். ஊட்ல யானை வளக்கறீங்களா?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆறுச்சாமியும் சிரித்தார். தாவூத் ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்தார். பைப்பைச் சொருகும் முன் இந்தப் பசையைத் தடவச் சொல்லி கம்பெனிக்காரன் சொன்னதாகச் சொன்னார். ஆறுச்சாமி டப்பாவை இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டார். பங்குனி வெயில். வீடு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது.

அது எழுபத்தெட்டாம் வருடம். வீடு பாதி எழும்பியிருந்தது.

ஆறுச்சாமியின் மனைவி காளியாத்தாளுக்கு நாற்பத்திரண்டு வயது. பிள்ளைகள் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில், கிணற்று மேட்டில் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். இடுப்பில் எலும்பு முறிந்தது. நாட்டு வைத்தியர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். எலும்பு கோணலாகக் கூடியது. அதன்பிறகு அவள் எழுந்து நிற்கவில்லை. இரு கைகளையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்ந்து போவாள். சமைப்பாள். வெங்காயம் ஆய்வாள். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டுவாள். கிணற்றுக்குப் போக முடியாது. ஓட்டுப்போட வேண்டியபோது நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள்.

குளிக்க ஆறுச்சாமி தூக்கிப் போவார். மாடு கட்டும் கட்டுத்தாரிக்குப் பக்கத்தில் பனையோலை மறைப்பு. கல்லில் உட்கார வைத்து, தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிடுவார். பதமாகத்தான் செய்தார். அவள் வீட்டுக்குத் தூரமான நாட்களில் அவருடைய அக்காள் வள்ளியாத்தாள் வருவாள். அடுத்த வீடு. வரும்போதே பேசிக்கொண்டு வருவாள்.

“என்ற தம்பி உன்னைப் பூவாட்டந் தூக்கறான். எங்கூட்டுக்காரரு உசுரோட இருந்தப்ப என்றகிட்டச் சோத்துப் போசிய நகத்தி வெச்சதில்ல. நீ குடுத்து வெச்சவ அம்முணி.”

காளியாத்தாள் ஓலை மறைப்பையே பார்த்திருப்பாள். அதில் இடைவெளிகள் இருந்தன. தோட்டத்துக்குப் போகும் ஆட்கள் அந்த வழியாகத்தான் போனார்கள். அவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போவது அவளுக்குத் தெரிந்தது.

வீடு கட்டலாம் என்று ஆறுச்சாமி சொன்னபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“ஊட்டுக்குள்ள ஒரு கொளாய். நான் ஒக்காந்து திருப்பறாப்பல. என்ற கைல நானே தண்ணி வாத்துக்கோணும்.”

“வேற?”

“வேற ஒன்னும் வேண்டாமுங்க.”

சிமெண்டு பெர்மிட்டில்தான் கிடைத்தது. மலையாளத்துச் சித்தூர் தாலூக்கு ஆபீசுக்கு ஒன்பது தடவை நடந்து பதினெட்டு மூட்டைக்கு உத்தரவு வாங்கினார். அதில் முழு வீட்டையும் எழுப்ப முடியாது. ஊரில் எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். குளத்து மண்ணில் சுடாத பச்சைக்கல் அறுத்து வெயிலில் காயவைத்தார். மண் குழைத்துச் சுவர் வைத்து, மேலே மட்டும் சிமெண்டு பூசினார். நனையாதவரை அப்படிப்பட்ட சுவர் அசையாது.

முன்னால் ஆசாரம், அதாவது பெரிய கூடம். ஆசாரத்தை ஒட்டி, ஒரே சுவர் நடுவில் நிற்க, குளியலறை. ஆசாரத்தின் மூலையில் உயரே இரண்டு பனஞ்சட்டங்களைப் போட்டு, ஒரு முனையை அந்தச் சுவரில் ஏற்றினார். சட்டங்களின் மேல் தார் பூசிய இரண்டு இரும்பு டிரம்கள். கிணற்று மோட்டார் டிரம்மை நிரப்பும். டிரம்மிலிருந்து பைப்பு சுவருக்குள் இறங்கிக் குளியலறைக் குழாய்க்கு வரும். குழாயின் உயரத்தைக் காளியாத்தாளே சொன்னாள். தரையில் உட்கார்ந்து சுவரில் கையை வைத்துக் கரிக்கட்டையால் கோடு போட்டாள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல்.

பைப்பு வேலைக்குப் பவுல்ராஜ் வந்தான். ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்தில் பிட்டராக இருந்தவன். அப்பன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். மலைக் குளிர் அவன் மனைவியின் நெஞ்சுக்கு ஆகவில்லை என்று கீழே வந்து ஆறு வருடம். அந்தப் பக்கத்தில் இரும்புப் பைப்பு மாட்ட அவனை விட்டால் ஆள் இல்லை. சைக்கிளின் பின்னால் ரெஞ்சு தொங்கும்.

அவன் பைப்பைக் கையில் தூக்கிப் பார்த்தான். விரலால் தட்டினான்.

“என்ன அண்ணாச்சி, பொம்மைக் கடைல வாங்கிட்டு வந்துட்டீயளா?”

“தாவூத் பாய் குடுத்தாரு.”

“மலைல நாங்க போட்ட லைனு எப்படித் தெரியுமா? யானை வந்து உரசிட்டுப் போகும். ஒண்ணும் ஆவாது.”

“இங்க யானை இல்லைன்னு பாய் சொல்லிப்போட்டாரு.”

“அப்பச் சரி.”

அவன் டப்பாவைத் திறந்தான். வெயிலில் வந்த பசை பாதி இறுகிக் கிடந்தது. முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“இது சைக்கிளு டியூப்பு ஒட்டுத பசைல்லா? செத்துப்போயிக் கெடக்கு. இது எதுக்கு?”

“வேற டப்பா வாங்கியாரட்டுமா?”

“இதுக்காவ ஒரு நடையா? வேண்டாம். நூலும் பெயிண்டும் எங்கிட்ட இருக்கு. இரும்புக்கே அதுதானே? இது இரும்பவிட லேசு.”

தென்னஞ்சருகைக் குவித்துத் தீ வைத்தான். பைப்பின் முனையைத் தீயின் மேல் காட்டித் திருப்பினான். பிளாஸ்டிக் மினுமினுத்துத் துவண்டது. குமட்டும் வாடை. சணல் நூல் சுற்றிப் பெயிண்டு தடவி வைத்திருந்த அடுத்த பைப்பை அந்த வாய்க்குள் சொருகி அழுத்தினான். ஈரத்துணியைச் சுற்றினான். ஆறியதும் இழுத்துப் பார்த்தான். வரவில்லை. ஆறுச்சாமியையும் இழுக்கச் சொன்னான். அவர் காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். வரவில்லை.

“ரெஞ்சு வேண்டாம், மரை வெட்ட வேண்டாம்,” என்றான் பவுல்ராஜ். “இப்படியே போனா எங்க தொழிலு என்னத்துக்கு?”

வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த காளியாத்தாள் சொன்னாள். “எனக்குச் சொருகத் தெரிஞ்சுதுன்னா உன்னையக் கூப்புட்டிருக்கவே மாட்டனே பவுலு.”

“அக்காவுக்கு வாயி மட்டும் நடக்குது.”

“அதாவது நடக்கட்டும்.”

இரண்டு நாளில் வேலை முடிந்தது. டிரம்மை நிரப்பித் தண்ணீர் விட்டார்கள். சுவரில் வெட்டிய காடிக்குள் பைப்பு வெள்ளையாக இறங்கியிருந்தது. நடுவில் ஒரு இணைப்பில் தண்ணீர் முத்துப் போலத் துளிர்த்தது. விழவில்லை. துடைத்தால் சற்று நேரம் கழித்து மறுபடி துளிர்த்தது.

ஆறுச்சாமி குனிந்து பார்த்தார். “கசியுதே.”

“கசியத்தான் செய்யும். மொத பத்து நாளு. அப்புறம் இந்தத் தண்ணி உப்பே அடைச்சுக்கிடும். உங்க மோட்டாரு பைப்பு எப்படி அடைச்சுது?”

அது உண்மைதான். அந்த ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். புது இரும்புப் பைப்பு கொஞ்ச நாள் கசியும். பிறகு இணைப்பைச் சுற்றி வெள்ளையாக உப்பும் துருவும் கட்டி இறுகிவிடும். உளி வைத்து அடித்தாலும் பிரியாது. உப்புத் தண்ணீர் பைப்பைத் தின்றது. தின்னும்வரை கசிவை அடைத்தும் வைத்தது. மேஸ்திரி காளிச்சாமியும் அதையே சொன்னான். அவனுக்கு அடுத்த வாரம் வேறு ஊரில் வேலை. காளியாத்தாளும் வாசற்படியிலிருந்து தலையசைத்தாள். அவளுக்கும் தெரிந்த விஷயம்.

காடியை மண்ணால் மூடிச் சிமெண்டு பூசினார்கள். ஆசாரத்துப் பக்கம் மூன்றடி உயரத்துக்குச் சிவப்பு ஆக்சைடு தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். குளியலறைப் பக்கம் வெள்ளையடித்தார்கள்.

பால் காய்ச்சிய மறுநாள் காலை காளியாத்தாள் தனியாகக் குளியலறைக்குள் நகர்ந்து போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். தாழ்ப்பாளும் கீழேதான் இருந்தது. குழாயைத் திருப்பினாள். தண்ணீர் வந்தது. வாளி நிரம்பி வழிந்தது. அவள் மூடவில்லை.

ஆறுச்சாமி ஆசாரத்தில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்துக் கதவருகில் போனார்.

“ஏப்புள்ள?”

“என்னங்க?”

“ஒன்னுமில்ல. சத்தத்தக் காணமேன்னு.”

“காலைத் தேச்சுட்டு இருக்கறேன்.”

“மொதுவா வா.”

அவள் வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தலைமுடியைத் துண்டால் தானே கட்டியிருந்தாள். அன்று சோளச்சோறும் கொள்ளுப் பருப்பும் ஆக்கினாள். ஆறுச்சாமி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பார்க்க வருகிறவர்களை அவர் குளியலறைக்குக் கூட்டிப் போவார். குழாயைத் திறந்து காட்டுவார். மூடுவார். இரண்டு பேர் தாவூத் கடையில் அதே பைப்பு வாங்கப் போனார்கள்.

சித்திரையில் வெயில் கொளுத்தியது. கணவாய்க் காற்று நின்றுபோனது. தோட்டத்தில் கடலைக்கொடி மஞ்சள் தட்டியது. ஆறுச்சாமி விடியலில் போய், பதினொரு மணிக்குத் திரும்பி, சாப்பிட்டுவிட்டு ஆசாரத்தில் படுப்பார். சிவப்புப் பூச்சில் முதுகை ஒட்டிக்கொண்டு படுப்பார்.

வள்ளியாத்தாளும் விசிறியோடு வந்து உட்காருவாள்.

“என்ற ஊட்டுச் செவுரு அடுப்பாட்டக் காயுது. உனக்கு மட்டும் எப்புடிடா சில்லுன்னு இருக்குது?”

“சிமெண்டோட கொணம் அக்கா. நல்லாத் தேச்சா இப்புடித்தான்.”

“பானைத் தண்ணில சாஞ்சாப்பல இருக்குதுடா.”

“நாளைக்கு நீயும் தலகாணி எடுத்துட்டு வா.”

காளியாத்தாள் அடுப்பருகில் போசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு கழுவினாள்.

அவளுக்குத் தெரிந்து பத்து நாளாகியிருந்தது. குளியலறைச் சுவரில், குழாய்க்கு ஒரு முழம் மேலே, சுண்ணாம்பு கறுத்திருந்தது. முதலில் உள்ளங்கை அளவு. விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதைப் பார்த்து, அடைத்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டாள். தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் சுரண்டிவிட்டாள். மறுநாள் கறுப்பு முறத்தளவு ஆகியிருந்தது. அதற்கு அடுத்த நாள் விரலை வைத்து அழுத்தினாள். சுண்ணாம்பும் பூச்சும் சேர்ந்து கொஞ்சம் உள்ளே போனது.

டிரம்மும் சீக்கிரம் காலியானது. ஆறுச்சாமி கேலி செய்தார்.

“ஒரு நாளைக்கு ரெண்டு மட்டம் மோட்டாரு போட வேண்டீதா இருக்குது. ஊட்டுல யானை இல்லைன்னு தாவூத்துகிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்.”

“ரெண்டு வருசத்து அழுக்குங்க. போவ வேண்டாமா?”

“நல்லாத் தேயி. கெணத்துல தண்ணி கெடக்குது.”

அவர் தோட்டத்துக்குப் போனபின், சாலையில் போன ஒரு ஆளிடம் சொல்லிப் பவுல்ராஜை வரவழைத்தாள். அவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். சுவரைத் தட்டிக்கொண்டே மேலே போனான். சத்தம் மாறிய இடத்தில் காதை வைத்தான். வெகுநேரம் காதை எடுக்கவில்லை.

“ஓடுது அக்கா.”

“அடைச்சுக்கும்னியே.”

“இரும்புன்னா அடைச்சிருக்கும். இது...” அவன் கையைத் துடைத்துக்கொண்டான். “இதுல உப்பு ஒட்ட மாட்டேங்குது. வழுக்கிட்டுப் போயிருது. எனக்குத் தெரியலக்கா.”

“என்ன பண்றது?”

“மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒடைக்கணும். டிரம்ம எறக்கணும். சட்டத்துக்கு முட்டுக் குடுக்கணும். கல்லு எத்தனை கரைஞ்சிருக்குன்னு பாக்கணும். கரைஞ்சிருந்தா செவரையே எடுத்துட்டு வேற வைக்கணும்.”

“எத்தன நாளாகும்?”

“சிமெண்டு இருக்கா?”

“ஒரு கைப்புடி இல்ல. பெர்மிட்டு வாங்கோணும்.”

“அப்பச் சொல்ல முடியாது. போன தடவ எத்தன நாளாச்சு?”

“நாலு மாசம்.”

அவள் குழாயைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

“அது வரைக்கும் கொளாய்?”

“இல்லக்கா.”

வெளியே கோழி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. அவள் அதை விரட்டினாள். பிறகு சொன்னாள்.

“கடலை புடுங்கட்டும். அதுவரைக்கும் செவுரு ஒடைக்க ஆளுக கெடைக்க மாட்டாங்க.”

“வாண்டாம்க்கா. நான் இப்பமே தோட்டத்துக்குப் போயி அண்ணாச்சிகிட்டச் சொல்லிருதேன். என் தப்புதான். ஏசினா ஏசட்டும்.”

“நீ சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கறேன்.”

“இன்னைக்கே சொல்லிருவீயளா?”

“சொல்றேன் போ.”

“அக்கா...”

“சொல்றன்னு சொல்லிப்போட்டனல்லப்பா. போ.”

அவன் போனான். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, டிரம்மைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அதையும் ஆறுச்சாமியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்.

ஒரு ஆணி வேண்டும் என்று மட்டும் கேட்டாள். துவைத்த சேலையைத் தொங்கவிட. ஆறுச்சாமி அவள் காட்டிய இடத்தில் அடித்தார். ஆணி ஒரே அடியில் இறங்கியது. சுத்தியலைப் பார்த்துவிட்டு, “என்ற கைல இன்னும் பலமிருக்குது,” என்றார். அன்றுமுதல் அந்த இடத்தில் நனைந்த சேலை தொங்கியது. சுவரின் ஈரம் சேலையின் ஈரம் போல இருந்தது.

இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தாள். முதல் தடவை அவர் கொடி பிடுங்கி முதுகு நிமிர்த்த முடியாமல் வந்திருந்தார். சூடாக எண்ணெய் தேய்க்கச் சொன்னார். தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போதே தூங்கிப்போனார். இரண்டாம் தடவை அவரே பேச்சை ஆரம்பித்தார்.

“நீ கொளாய்ல தண்ணி வாக்கற சத்தம் கேக்கும்போது எனக்கு நல்லாருக்குது காளியாத்தா.”

அவள் எழுந்த பேச்சை விழுங்கினாள்.

அதன்பின் வேறு வழி பார்த்தாள்.

“ஏனுங்க, ஆசாரத்துல அந்த மூலைல படுங்க. வாசக் காத்து வரும்.”

“காத்து எங்க வருது? அனலு வருது.”

“கட்டுத்தாரிப் பக்கம் நெழலு இருக்குதே.”

“ஈ மொய்க்குது. நீ ஏன் என்னைய ஊட்ட உட்டுத் தொரத்தறே?”

“தொரத்தலீங்க. அந்தச் செவுத்துல ஒட்டிப் படுத்தா மேலு வலிக்கும்னுதான்.”

“வலியெல்லாம் அதுலதான் போகுது,” என்று சொல்லி அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

கடலை பிடுங்கி முடிந்தது. களத்தில் காயப்போட்டார்கள். அன்றும் அவள் சொல்லவில்லை. காய்ந்து மூட்டை கட்டட்டும் என்று நினைத்தாள். வைகாசி பிறந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. ஆறுச்சாமி களத்திலிருந்து வந்து, கம்மங்கூழும் வறுத்த மோர்மிளகாயும் சாப்பிட்டார். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். டிரம் நிறைந்திருக்கிறது, நீ போய்த் தண்ணி வாத்துக்கொள் என்றார். சுவரோரம் படுத்தார்.

அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தலையில் சீயக்காய் தேய்த்தாள். குழாயைத் திருப்பினாள். தண்ணீர் விரல் கனத்துக்கு வந்தது. பிறகு நூலானது. பிறகு நின்றது.

“ஏனுங்க! தண்ணி வரல!”

தூங்கியிருப்பார்.

“தண்ணி வரலீங்க! டிரம்மப் பாருங்க!”

சுவருக்குள் ஏதோ சரிவது போலக் கேட்டது. நெல்லைக் கொட்டுவது போல. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆணியில் தொங்கிய சேலை அவளை விட்டு விலகிப் போனது. மெதுவாகத்தான் போனது. பிறகு சட்டங்கள் முறியும் சத்தம். டிரம்கள் விழும் சத்தம். புழுதி.

புழுதி அடங்கியபோது அவளுக்கு எதிரே சுவர் இல்லை. ஆசாரம் தெரிந்தது. ஆசாரத்தைத் தாண்டி வாசல், வாசலைத் தாண்டிச் சாலை, சாலையில் நின்ற ஒரு வண்டி. முறிந்த சட்டத்தில் சிக்கிப் பைப்பு தொங்கியது. இணைப்புக் கழன்று, சணல் நூல் பிரிந்து ஆடியது. பிளாஸ்டிக் எங்கும் உடைந்திருக்கவில்லை.

அவள் கைகளை ஊன்றி நகர்ந்தாள். மண் குவியலை எட்டினாள். கைகளால் வாரினாள். மண் சேறாக இருந்தது. வண்டிக்காரன்தான் முதலில் ஓடி வந்தான். வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மேல் நனைந்த உள்பாவாடை மட்டும் இருந்தது.

“திரும்பாத!” என்று அவள் கத்தினாள். “வந்து அள்ளு! அள்ளுடா!”

அவன் வந்து அள்ளினான். பிறகு இன்னும் நாலு பேர் வந்தார்கள். வள்ளியாத்தாள் ஓடிவந்து தன் முந்தானையை அவிழ்த்து அவள் மேல் போர்த்தினாள். டிரம்மைப் புரட்டிய பிறகுதான் ஆறுச்சாமியின் தலை தெரிந்தது. அவர் சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்திருந்தார்.

எஸ்.ஐ. மூன்று மணிக்கு ஜீப்பில் வந்தார். மலையாளம் கலந்த தமிழ் பேசினார். உடலைக் கட்டிலில் கிடத்தி வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். ரைட்டர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சம்பவ இடத்தின் மஹஜர் அறிக்கையை எழுத ஆரம்பித்தார். கூட்டம் கூடியிருந்தது. பவுல்ராஜ் சொல்லி அனுப்பாமலே வந்து சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். ஊர்க்காரர்கள் அவனைச் சுற்றி இடம் விட்டு நின்றார்கள்.

“பைப்பு பணி செய்தது ஆரு?”

“நாந்தான் சார்.”

“லீக்கு உண்டாயிருந்ததோ?”

“இருந்துச்சு சார்.”

“நீ அறிஞ்சியா?”

“தெரியும் சார்.”

கூட்டத்தில் ஒருவன் அவன் சட்டையைப் பிடிக்க வந்தான். கான்ஸ்டபிள் தடுத்தார்.

“அறிஞ்சிட்டு வீட்டுக்காரங்ககிட்டச் சொன்னியா?”

பவுல்ராஜ் தரையைப் பார்த்தான். காளியாத்தாள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். தலையில் சீயக்காய் காய்ந்து திட்டுத் திட்டாக இருந்தது.

“இல்ல சார்,” என்றான் பவுல்ராஜ். “சொல்லல.”

“அவன் பொய் சொல்றானுங்க,” என்றாள் காளியாத்தாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“எங்கிட்டச் சொன்னான். செவுத்த ஒடைக்கோணும்னு சொன்னான். அவருகிட்டச் சொல்லப் போறன்னும் சொன்னான். நாந்தான் தடுத்தேன். நான் சொல்லிக்கறன்னு சொல்லி அனுப்பிப்போட்டுச் சொல்லல.”

எஸ்.ஐ. அவளைப் பார்த்தார். “ஏன் சொல்லல?”

“ஒடைச்சாக் கொளாய் நின்னு போயிருமுங்க.”

“குழாயா?”

“ஆமாங்க.”

வள்ளியாத்தாள் குறுக்கே வந்தாள். “அதுக்குப் புத்தி ஒரு நெலைல இல்லீங் சாமி. நடக்க மாட்டாதவ. புருசனுந் தலைமேல இருந்த ஊடும் ஒன்னாப் போச்சு. அவ பேச்சப் பெருசா எடுக்காதீங்க.”

“நங்கையா, நீங்க சும்மா இருங்க. நான் நல்லாத்தான் இருக்கறேன்,” என்று காளியாத்தாள் நாத்தனாரை நிறுத்தினாள்.

ரைட்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. இல்லை என்பதாகத் தலையை அசைத்தார்.

“எழுதுங்க,” என்றாள் காளியாத்தாள். “நாஞ் சொன்னத எழுதுங்க.”

“எழுதறோம்மா. நீ கொஞ்சம் தண்ணி குடி.”

மஹஜரை மலையாளத்தில் வாசித்துக் காட்டினார்கள். பஞ்சாயத்து மெம்பர் கையெழுத்துப் போட்டார். காளியாத்தாளுக்குப் பாதி புரிந்தது. பவுல்ராஜின் பெயர் நான்கு இடத்தில் வந்தது. அவள் பெயர் ஓரிடத்தில் வந்தது. இறந்தவரின் மனைவி, நடக்க இயலாதவர்.

பவுல்ராஜை ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். அவன் தன் சைக்கிளைக் காட்டி யாரிடமோ ஏதோ சொன்னான். வீட்டில் ஒப்படைக்கச் சொல்லியிருப்பான். யாரும் அதைத் தொடவில்லை. ஜீப் போன பிறகு அது விழுந்தது.

உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்துத் தைத்து மறுநாள் காலையில் கொண்டுவந்தார்கள். மதியத்துக்குள் எடுத்தார்கள். ஆண்கள் மாசானத்துக்குப் போனதும் பெண்கள் வேலையைத் தொடங்கினார்கள். தாலி அறுத்தவளைத் தண்ணீர் வார்த்துத்தான் வீட்டுக்குள் விட வேண்டும். நாலு பேர் அவளைத் தூக்கிக் கிணற்று மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று பேர் கைம்பெண்கள். வள்ளியாத்தாள் கால்களைப் பிடித்திருந்தாள். மறைப்பு எதுவும் இல்லை.

கல்லில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் நிரம்பிய குடங்கள் வரிசையாக இருந்தன. காளியாத்தாள் பக்கத்தில் கிடந்த சொம்பை எடுத்தாள்.

“குடுங்க. நானே வாத்துக்கறேன்.”

“இத நீ வாத்துக்கக் கூடாது அம்முணி,” என்றாள் வள்ளியாத்தாள். “மத்தவங்கதான் வாக்கோணும். அதான் மொறை.”

சொம்பை அவள் விரல்களிலிருந்து பிரித்து எடுத்தார்கள். முதல் குடம் தலையில் விழுந்தது. முந்தின நாள் சீயக்காய் கரைந்து கண்ணில் இறங்கியது. இரண்டாவது குடம். மூன்றாவது. ஒருத்தி முதுகைத் தேய்த்தாள். ஒருத்தி கைகளைத் தூக்கிப் பிடித்து அக்குளில் ஊற்றினாள். வளையல் உடைத்த இடத்தில் மணிக்கட்டு எரிந்தது. சாலையில் இரண்டு பேர் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

வள்ளியாத்தாள் வெள்ளைச் சேலையைச் சுற்றிவிட்டாள். மூச்சு வாங்கியது. அவளுக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது.

“நாளையிலிருந்து வெடிய அஞ்சு மணிக்குத் தண்ணி வாக்க வாரேன்,” என்றாள். “அதுக்கப்புறம் எனக்குத் தோட்டத்துல வேலையிருக்கும். தெனமும் முடியாது. ஒரு நாள் உட்டு ஒரு நாளு.”

காளியாத்தாள் தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை.

“செரிங்க நங்கையா,” என்றாள்.